கடலுக்குப் போகும் தண்ணீர்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். தில்லைநாதன் அண்ணையின் போட்டில் குடிதண்ணீர்த் தாங்கி என் பொறுப்பு. கழுவாத கையோடு அதன் மூடியைத் தொடுகிறவன் யாராக இருந்தாலும் நான் பேசுவேன். போட் அவருடையது, சம்மாட்டி அவர், ஆனாலும் அவருக்கும் அதே சட்டம்தான். "அண்ணை, மீன் கையோட தொடாதேங்கோ, கழுவிப்போட்டு வாங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்வேன். அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போய்ச் சவுக்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வருவார்.

எங்களுடையது மூன்றரைத் தொன் போட். தில்லை அண்ணை, நவ்பர், நான் என்று மூன்று பேர். முல்லைத்தீவுக் கரையை விட்டால் மூன்று நான்கு நாள் கடலில்தான் கிடப்போம். தளத்துக்குக் கீழே ஒரு பக்கம் ஐஸ், ஒரு பக்கம் வலை, நடுவில் எஞ்சின், அதற்கு முன்னால் ஃபைபரில் செய்த தாங்கி. குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். வெயிலில் நின்று வலை இழுக்கிறவனுக்கு வயிற்றாலே போகத் தொடங்கினால் அரை நாளில் ஆள் துவண்டுவிடுவான். கரையோ கிட்டடியில் இல்லை. மீன் எவ்வளவு பட்டாலும் போட்டைத் திருப்பிக்கொண்டு வர வேண்டியதுதான்.

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. போரின் கடைசிச் சண்டையில் போனது. பொய்க்கால் போட்டுக்கொண்டு நடப்பேன், சைக்கிள் ஓடுவேன், வேலி கட்டுவேன். ஈரத் தளத்தில் நின்று வலை மட்டும் இழுக்க முடியாது. அதனால் கனகாலம் கரையில் கிடந்தேன். ஐஸ் விற்கிற இடத்தில் காவல் இருந்தேன், மற்றவர்களின் கிழிந்த வலை பொத்தினேன். பதினாறு வயதில் கடலுக்குப் போகத் தொடங்கியவன் நான். விடியப்புறம் மற்றவன் போட் போவதைக் கரையில் குந்தியிருந்து பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். ஒருநாள் தில்லை அண்ணை வந்து, "குகன், எஞ்சினும் சமையலும் தண்ணியும் நீ பாப்பியே? வலையை நானும் நவ்பரும் பாக்கிறம்" என்று கேட்டார். அவர் கேட்டு முடிக்க முதலே நான் ஓமென்றேன். அந்த வேலை இல்லையென்றால் எனக்குக் கடல் இல்லை.

அந்த ஓமென்ற சொல்லை வீட்டில் போய்ச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

என் மனைவி பிரஷாந்தினியின் அப்பாவும் அண்ணனும் ஒரே போட்டில் கடலுக்குப் போனவர்கள். திரும்பி வரவில்லை. உடம்பும் கரை ஒதுங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் தாயோடு கடற்கரையை விட்டு முள்ளியவளைக்கு வந்துவிட்டாள். எனக்கு அவளைப் பேசியபோது, மாப்பிள்ளைக்குக் காலில்லை என்று தாய் அழுதிருக்கிறா. இவள்தான் ஓமென்றிருக்கிறாள். "ஏன் கட்டினனான் தெரியுமே? இந்த மனுசன் எந்தக் காலத்திலையும் கடலுக்குப் போகமாட்டார் எண்டுதான்" என்று என்னிடமே சொல்லிச் சிரிப்பாள். எங்களுக்குப் பிள்ளையில்லை. அவளுக்கு நான், எனக்கு அவள்.

தில்லை அண்ணையின் போட்டில் போகப் போகிறேன் என்று சொன்ன அன்று அவள் சிரிக்கவில்லை. சில நாள் கதைக்கவும் இல்லை. பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால், நான் தண்ணீர் கொண்டுபோக வாங்கி வைத்திருந்த நீலப் பிளாஸ்டிக் கான்களைக் கிணற்றடியில் வைத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கரையோரத்துக் கிணறுகளில் தண்ணீர் உவர். முள்ளியவளையில் எங்கள் வீட்டுக் கிணறு சர்க்கரை மாதிரி. அன்றிலிருந்து கடலுக்குப் போகும் தண்ணீர் அவளுடைய வேலையாகிவிட்டது. இறைத்து, வெள்ளைத் துணியில் வடித்து, கான்களில் நிரப்பி, மூடி இறுக்கி, வாசலில் வைத்திருப்பாள். நான் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்த் தாங்கியில் ஊற்றுவேன். ஆளுக்கு மனம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

என் பக்கத்து வேலையில் நான் ஒரு குறை விடமாட்டேன். பழைய தண்ணீரை முழுக்க இறைத்து வெளியே விட்டுவிட்டு, பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு, தாங்கியின் வாய்க்குள்ளால் உள்ளே இறங்குவேன். "ரெண்டு கால் உள்ளவனுக்கு இதுக்குள்ள இடமில்லையடா" என்று நவ்பருக்குச் சொல்வேன். மூலை மூலையாகப் பிரஷ்ஷால் உரஞ்சி, நல்ல தண்ணீர் விட்டு அலசி, குளோரின் கரைத்து நிரப்பி ஓரிரவு விடுவேன். அந்தத் தண்ணீரைப் பைப்புக்குள்ளாலும் ஓடவிட வேண்டும். பைப்புக்குள் ஊத்தை இருக்கும் என்பதைப் பலபேர் யோசிப்பதில்லை. பிறகு மணம் போகும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். தாங்கிக்குக் காற்றுப் போகிற குழாயின் வாயில் பூச்சி போகாமல் நுளம்பு வலை கட்டி வைத்திருக்கிறேன். குடிதண்ணீரை ஊற்றிய பிறகும் அளவாகக் கொஞ்சம் குளோரின் போடுவேன். முதல் வருஷம் முழுக்க, எங்கள் போட்டில் தண்ணீர் குடித்து ஒருவனுக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

போன மாரியில், எங்களுக்குத் தெரிந்த ஒரு போட் கடலில் கவிழ்ந்து இரண்டு பேர் வரவில்லை. செத்த வீட்டுக்குப் போய் வந்த பிரஷாந்தினி அன்றைக்குச் சோறு தின்னவில்லை. மாரி முடிந்து கடல் அடங்கியதும் நாங்கள் திரும்பவும் போகத் தொடங்கினோம். தண்ணீர் கெடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

முதல் தரம், இரண்டாம் நாள் மத்தியானம் அரிசி கழுவப் பிடித்த தண்ணீரில் ஒரு புளித்த மணம் வந்தது. மூடியைத் திறந்து கைவிட்டுப் பார்த்தேன். தாங்கியின் சுவர் வழுவழுவென்று கிடந்தது. அன்றைக்கே திரும்பினோம். மூன்று பேருக்கும் வயிற்றுக் குழப்பம், ஆனால் பெரிதாக ஒன்றுமில்லை. நான் தாங்கிக்குள் இறங்கி, கை தோல் உரியுமட்டும் தேய்த்தேன்.

இரண்டாம் தரமும் அதே மாதிரி. இந்த முறை எனக்குப் பேய் பிடித்தது. குளோரின் விற்ற கடைக்காரனிடம் போய், பழைய தூளைத் தந்துவிட்டாய் என்று சண்டை பிடித்தேன். தாங்கிக்கும் பைப்புக்கும் நடுவில் போட்ட ஹோஸ் மலிவான சாமான் என்று தில்லை அண்ணையிடம் சண்டை பிடித்தேன். கடைசியில் நவ்பரிடமும் போனேன். பைப்பில் மெதுவாக வருகிறது என்று, மூடியைத் திறந்து தேத்தண்ணிக் கோப்பையால் அள்ளியிருக்கிறாய் என்றேன்.

"அல்லாட ஆணை, நான் மூடியில கை வைக்கல்ல குகன்" என்றான் அவன்.

"அப்ப தண்ணி தானாப் புளிச்சதோ? காகம் கடலுக்குள்ள வந்து எச்சம் போட்டதோ?"

அவன் எழும்பிப் போனான். அவன் சத்தியம் செய்தால் பொய் சொல்லமாட்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன். ஊரில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், என் வீட்டுக் கிணற்றைத் தவிர.

அந்த இரண்டாம் தரம் நாங்கள் இடைவழியில் திரும்பி வந்த அன்று பின்னேரம் பெருங்காற்று ஒன்று புரண்டடித்தது. வெளியில் நின்ற போட்டுகள் விடியும்வரை அல்லாடித்தான் கரை சேர்ந்தன. நான் வெறுங்கையோடு வந்த எரிச்சலில் வீட்டுக்குள் நுழைந்தால், பிரஷாந்தினி என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு சாமிப் படத்துக்குக் கற்பூரம் கொளுத்தினாள். "மீன் ஒண்டும் படேல்லை, உமக்குக் கற்பூரம் கேக்குதோ" என்று அவளையும் பேசினேன்.

மூன்றாம் தரம் நவ்பர் விழுந்துவிட்டான்.

நானும் தில்லை அண்ணையும் எப்படியோ தாக்குப்பிடித்தோம். நவ்பருக்கு நிற்கவே இல்லை. போட்டைத் திருப்பி முழு வேகத்தில் வரும்போது அவன் தலை என் மடியில் இருந்தது. உதடு வெடித்து, கண் உள்ளே போய், பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு கிடந்தான். எங்களிடம் இருந்த தண்ணீரைக் காய்ச்சி உப்பும் சீனியும் போட்டுப் பருக்கினேன். வேறு வழியில்லாமல் கெட்ட தண்ணீரையே மருந்தென்று அவன் வாயில் ஊற்றினேன். கரைக்கு வந்து ஆசுப்பத்திரியில் சேலைன் ஏற்றியதும்தான் ஆளுக்கு உயிர் வந்தது. அவன் மனைவி றுக்ஷானா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

சுகாதாரப் பரிசோதகர் போட்டுக்கு வந்து தாங்கியைப் பார்த்தார். நல்ல மனுசன். சுவரைத் தடவி மணந்து பார்த்துவிட்டு, "பால், இளநீர் மாதிரிப் புளிக்கிற சாமான் ஏதோ இதுக்குள்ள போயிருக்குத் தம்பி. அதுகள் விழுந்தா நீங்கள் போடுற குளோரின் அதோடயே முடிஞ்சு போயிரும். பிறகு இந்த வெக்கைக்குள்ள தண்ணி கெடாம என்ன செய்யும்?" என்றார்.

"நானென்ன டாங்கிக்குள்ள பால் காய்ச்சினனானோ?" என்று அவரிடமும் பாய்ந்தேன்.

அவர் போன பிறகு தில்லை அண்ணை என்னைக் கரையில் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். மணலைப் பார்த்துக்கொண்டுதான் கதைத்தார்.

"கோவிக்காதை குகன். இது மூண்டாந் தரம். நவ்பருக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள். நாளைக்கு ஒண்டு நடந்தா நான் அந்தப் பிள்ளை றுக்ஷானாவுக்கு என்ன சொல்லுறது? நீ கரையிலை நில்."

"எவ்வளவு நாளைக்கு அண்ணை?"

"நான் வேற ஆளைப் பாக்கிறன்."

தாங்கி என் பொறுப்பு, தண்ணீர் கெட்டது, ஆள் சாகப் பார்த்தான். இதில் அவரிடம் என்ன சண்டை பிடிப்பது? சமையல் சாமான்களைக் கழுவி அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பிரஷாந்தினி வாசலில் நின்றாள். "இனிக் கடல் இல்லையப்பா" என்றேன். அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து தந்து பக்கத்தில் இருந்தாள்.

"தண்ணியிலை என்ன இருந்ததாம்?"

"பாலோ இளநீரோ போயிருக்காம். அந்த மனுசனுக்கு விசர். கடலுக்குள்ள ஆர் எனக்குப் பால் கொண்டு வந்தது?"

நான் குடித்து முடிக்க முதலே அவள் கோப்பையை வாங்கிக்கொண்டு, "நவ்பருக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டாள். தப்பிவிட்டான் என்றேன். எழும்பிக் குசினிக்குள் போனாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எப்படிச் சொல்வது? பொய்க்காலைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். முற்றத்தில் கதிரையைப் போட்டு இருப்பேன், வெயில் வந்தால் கதிரையை இழுத்து நிழலில் போடுவேன். பிரஷாந்தினி எனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தாள். கணவாய் மீன் வாங்கிப் பால்கறி வைத்தாள், புட்டு அவித்தாள். கொண்டு வந்து வைத்ததைத் தின்றேன். பக்கத்து வளவுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டான். முதல் என்றால் கத்தியோடு போயிருப்பேன். பார்த்துக்கொண்டு இருந்தேன். நவ்பர் ஆசுப்பத்திரியால் வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டும் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஒருநாள் காலையில் அவள் சேலை மாற்றி, கைப்பையையும் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வெளிக்கிட்டாச்சு?"

"தில்லை அண்ணையிட்டை."

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். எனக்காகக் கெஞ்சப் போகிறாள். "என்ர மானத்தை வாங்காதையும். போகாதையும்" என்றேன்.

"நான் போகத்தான் போறன். வாறதெண்டா வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு நடந்தாள். கட்டிலுக்குக் கீழே குனிந்து காலை இழுத்தெடுத்து மாட்டிக்கொண்டு, பின்னாலேயே கொதித்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் அவள் முன்னுக்கு, நான் பின்னுக்கு.

தில்லை அண்ணையின் முற்றத்தில் அவரும் நவ்பரும் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். நவ்பர் மெலிந்து கிடந்தான். என்னைக் கண்டதும் தலையை ஆட்டினான். பிரஷாந்தினி அவர்களுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணை, தண்ணியைப் பழுதாக்கினது இவரில்லை. நான்."

தில்லை அண்ணை ஊசியைக் கீழே வைத்தார்.

"ஒவ்வொரு முறையும் நீங்கள் வெளிக்கிட முதல் அம்மனுக்கு அபிஷேகம் செய்விக்கிறனான். அந்தத் தீர்த்தத்தை வாங்கிக்கொண்டு வந்து கான் எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் விடுவன். மாரிக்குப் பிறகுதான் தொடங்கினனான். அந்தப் போட் போய் வராமல் விட்டதுக்குப் பிறகு." நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். "பாலும் இளநீரும் தேனும் சேந்த தீர்த்தம். அது பழுதாகும் எண்டு எனக்குத் தெரியாது அண்ணை. நீங்கள் ஒவ்வொரு தரமும் நேரத்தோட திரும்பி வந்தனீங்கள். அண்டைக்கு அந்தக் காத்து அடிக்கேக்க வீட்டுக்குள்ள இருந்தனீங்கள். நான் அம்மன்தான் அனுப்பிவிட்டவா எண்டு நினைச்சுக் கற்பூரம் கொளுத்தினனான்."

பிறகு நவ்பரின் பக்கம் திரும்பினாள். "தம்பி, உங்களைச் சாகப் பண்ணப் பாத்திட்டன்" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் கோபப்படுவேன் என்றுதான் எல்லோரும் என்னைப் பார்த்திருப்பார்கள். நானோ, எத்தனை முறை அந்தக் கான்களை நானே தூக்கி, நானே மூடி திறந்து, நானே ஊற்றினேன் என்று மட்டும் யோசித்துக்கொண்டு நின்றேன்.

நவ்பர்தான் முதலில் வாய் திறந்தான்.

"அப்ப என்ர வயித்துக்குள்ள அபிஷேகம் நடந்திருக்கு. அதுதான் அண்டைக்கு அவ்வளவு சத்தம்."

தில்லை அண்ணை சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிரஷாந்தினி அழுதுகொண்டே சிரித்தாள். "கும்பிடாதீங்க அக்கா" என்றான் நவ்பர். "றுக்ஷானாவும் எனக்கு ஓதின தண்ணி தாறவதான். நான் அதைப் போத்தல்லயே வச்சுக் குடிச்சிருவன். டாங்கியில ஊத்த இந்த மனுசன் விட்டாத்தானே." பிறகு என்னைப் பார்த்து, "அந்தத் தேத்தண்ணிக் கோப்பையை நான் கழுவட்டோ குகன், இல்லாட்டி நீயே கழுவுறியோ?" என்றான். நான் போய் அவன் பக்கத்தில் இருந்து, அவன் முதுகில் கையை வைத்தேன்.

"முந்தியே என்னட்டைச் சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றார் தில்லை அண்ணை. பிறகு என் பக்கம் திரும்பினார். "புதுசா ஒருத்தனைப் பேசி வச்சிருந்தனான். வேண்டாமெண்டு சொல்லிவிடுறன். நாளைக்கு வந்து டாங்கியைக் கழுவு."

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் எங்கள் இருவரையும் தவிர ஆளில்லை. அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு றோட்டைப் பார்த்தபடி நின்றாள். என் மனதுக்குள் ஒரு கணக்கு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பால் என்ற சொல்லை நான் வாயில் எடுத்த அன்றே இவளுக்கு விளங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறாள்.

"பிரஷா, நீர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா, நான் சாகுமட்டும் கரையிலைதான் இருந்திருப்பன்."

"ஓம்."

"அம்மனிட்டை நீர் கேட்டதே அதுதானே?"

"ஓம், அதுதான் கேட்டனான்."

"பிறகேன் சொன்னனீர்?"

ஒரு லொறி போய், தூசி அடங்கிய பிறகுதான் சொன்னாள்.

"முதல் ரெண்டு நாள் எனக்குச் சந்தோசம்தான். பொய் சொல்லேல்லை. விடிய எழும்பிப் பாத்தா நீங்கள் பக்கத்திலை படுத்திருக்கிறீங்கள். காத்து அடிச்சாலும் பயமில்லை. அம்மன் கேட்டதைத் தந்திட்டா எண்டு நினைச்சன். ஆனா நீங்கள் என்னோட ஒரு சண்டை பிடிக்கேல்லை. நேற்றுக் கறிக்கு உப்பை வேணுமெண்டு அள்ளிப் போட்டனான். வாயிலை வைக்கேலாது. நீங்கள் ஒண்டும் சொல்லாமல் திண்டு முடிச்சிட்டு, கையைக் கழுவிப்போட்டுப் போய்ப் படுத்திட்டீங்கள்."

எனக்கு உப்பு என்று ஒன்று இருந்ததே ஞாபகமில்லை.

"நான் குசினிக்குள்ள இருந்து அழுதனான்" என்றாள். "இந்த மனுசனை நான் கட்டேல்லை எண்டு."

பஸ்ஸில் அவளோடு ஒரே இருக்கையில் இருந்து வந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன் என்று சொல்லவும் எனக்கு வெட்கமில்லை. அப்பாவையும் அண்ணனையும் கடலுக்குப் பறிகொடுத்தவள், தன் வாயாலேயே என்னைத் திரும்பக் கடலுக்கு அனுப்புகிறாள்.

மறுநாள் தாங்கியைக் கழுவினேன். நான் கழுவிய கழுவலில் ஃபைபர் தேயாமல் இருந்ததே பெரிய காரியம். பைப், ஹோஸ், தாங்கி, கான் என்று ஒன்றும் விடவில்லை. குளோரின் தண்ணீரை இரண்டு இரவு விட்டு அலசினேன். ஹோஸ் விஷயத்தில் தில்லை அண்ணையோடு ஒருமுறை சண்டையும் பிடித்தேன். அவர் புது ஹோஸ் வாங்கித் தந்தார்.

வெளிக்கிடுகிற நாள் விடியப் பிரஷாந்தினி வழமை மாதிரித் தண்ணீர் இறைத்தாள். நான் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டேன். கான்கள் நிரம்பி முடிந்ததும், "அம்மன் தீர்த்தத்தை ஒரு சின்னப் போத்தல்லை தாருமன். நவ்பர் மாதிரி நானும் குடிச்சிட்டுப் போறன்" என்றேன். எனக்கு அதில் பெரிய நம்பிக்கையில்லை. ஆனால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள்.

"ஏன்? போத்தல்லை இருந்தா டாங்கிக்கு ஒண்டும் நடக்காது."

"டாங்கிக்கில்லை. போத்தலைத் தந்தனானெண்டா, வயிறு குழம்பித் திரும்பி வரட்டும், வரட்டும் எண்டு இஞ்ச இருந்து கேட்டுக்கொண்டே இருப்பன். என்ர மனசு எனக்குத் தெரியும். நீங்கள் தண்ணியை மட்டும் கொண்டு போங்கோ." கான் மூடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, இறுகியிருக்கிறதா என்று பார்த்தாள். "போட்டுக்குள்ள கவனம். ஈரமெண்டா பிடிச்சுக்கொண்டு நடவுங்கோ." ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். நானும் அவளும் சேர்ந்து கான்களை ஏற்றினோம்.

கடல் அமைதியாக இருந்தது. முதல் நாள் மீன் பரவாயில்லை. இரவு நானே எழும்பிப் பார்த்தேன், தண்ணீரில் மணமில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், மற்ற மூன்று தரமும் கெட்ட அதே நேரத்துக்கு, பைப்பைத் திறந்து கோப்பையில் பிடித்தேன். தில்லை அண்ணையும் நவ்பரும் வலையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மணந்தேன். மெல்லிய குளோரின் மணம். வாயில் வைத்தேன். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், வேறொன்றுமில்லை.

நவ்பர் கோப்பையை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு. இன்னொண்டு தா" என்று நீட்டினான். தில்லை அண்ணையும் குடித்தார். இருவரும் வலைக்குத் திரும்பினார்கள்.

நான் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு அழுகை வந்தது, எஞ்சின் பக்கம் போய் நின்று அழுதேன். அப்பாவையும் அண்ணனையும் கொண்டுபோன கடலுக்கு, எனக்குக் காவலாக ஒன்றையும் கூட அனுப்பாமல், வெறும் தண்ணீரைத் தந்து என்னை அனுப்பியிருந்தாள்.